ஆறு காலில் நிற்கும் பெட்டியும் அரைப் பேர் போடும் வாத்தியாரும்

போன மார்கழியில் லீவுக்கு, இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஊர் தலவாக்கலைக்கு வந்திருந்தேன். அடுப்படியில் குளிர்காய்ந்தபடி பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த பெரிய மாமா திடீரென்று கேட்டார்: "ஏன்டா, பிளேன் ஓட்டுறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா பரீட்சையாமே? லைசன்ஸ் எடுத்தவனுக்கு எதுக்குடா திரும்பத் திரும்பப் பரீட்சை?"

மாமா இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் முப்பது வருஷம் ஹட்டன் – மஸ்கெலியா ரூட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூடுபனியில் வளைவு தெரியாத நாட்களிலும் ஓட்டியவர். அவருக்கு இந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அன்றிரவு அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் விமானி இல்லை. வளைகுடா நாடொன்றில் விமானிகள் பயிற்சி எடுக்கும் நிலையத்தில் சிமுலேட்டரை, அதாவது தரையில் நின்றபடியே பறப்பது போலக் காட்டும் பயிற்சிப் பெட்டியை, பராமரிக்கும் டெக்னீஷியன். விமானிகளின் அந்தப் பரீட்சை நடப்பது இதற்குள்தான். ஊரில் பாதிப் பேர் நான் பிளேன் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும் அதைப் பெரிதாகத் திருத்துவதில்லை. விமானிகள் அந்தப் பெட்டிக்குள் போகும்போது இருக்கிற முகத்தையும், நாலு மணி நேரம் கழித்து வெளியே வரும்போது இருக்கிற முகத்தையும் பதினொரு வருஷமாகப் பார்த்துவருகிறேன். கோப்பி மெஷின் பக்கத்தில் அவர்கள் புலம்புவதும் காதில் விழும். ஆக, இது உள்ளே வியர்த்தவன் எழுதியது இல்லை, கதவைத் திறந்துவிட்டவன் எழுதியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெளியே இருந்து பார்த்தால் சிமுலேட்டர் ஒரு வெள்ளைப் பெட்டி. சின்ன லயத்துக் காம்பரா அளவு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை அளவு. ஆறு இரும்புக் கால்களில் நிற்கும். ஒவ்வொரு காலும் சுமார் ஒன்றரை மீட்டர் வரை நீண்டு சுருங்கும். ஆறும் சேர்ந்து அசைந்தால் பெட்டி மேலே, கீழே, முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று எப்படியும் ஆடும், சரியும், திரும்பும். உள்ளே இருப்பது நிஜ விமானத்தின் முன்பகுதி மாதிரியே இருக்கும். சுவிட்ச், கதிரை, லீவர் எதிலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இந்த வகையில் மிக உயர்ந்த தரத்துக்கு லெவல் டி என்று பெயர். ஏற்கெனவே அனுபவமுள்ள விமானி ஒருவர் புது ரக விமானத்துக்கு மாறும்போது, லெவல் டி சிமுலேட்டரிலேயே பயிற்சியை முடித்துவிட்டு, நிஜ விமானத்தை முதல்முறை தொடும்போதே பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயணிகளோடு பறக்கலாம். மாமாவுக்கு இது நம்பவே முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஓடுபாதை ஒரு வளைந்த கண்ணாடியில் விழும் படம். கண்ணாடி என்று பெயர்தான். உண்மையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பின்னால் இருந்து காற்றை உறிஞ்சி வளைவாக இழுத்துப் பிடித்திருப்போம். அதனால் படம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல் தெரியாது, தூரத்து மலையைப் பார்ப்பது போல் இருக்கும். இடதுபக்கம் இருக்கும் கப்டனுக்கும் வலதுபக்கம் இருக்கும் துணை விமானிக்கும் ஓடுபாதை நேராகவே தெரியும்.

அசைவுதான் பெரிய கள்ளத்தனம். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் புறப்பட்டால், நம்ம ரயில்தான் பின்னால் போகிறது என்று ஒரு கணம் தோன்றும், இல்லையா? கண் அவ்வளவு சுலபமாக ஏமாறும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் அதே போலத்தான். விமானம் பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் தள்ளப்பட வேண்டும். பெட்டி எங்கேயும் ஓட முடியாதே? அதனால் மூக்கைக் கீழே சாய்ப்போம். ஜன்னல் படம் மட்டும் மட்டமாகவே இருக்கும். புவியீர்ப்பு உங்களைப் பெல்ட்டில் முன்னால் இழுக்கும். மூளை அதைப் பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். வேகம் பிடித்து மேலேறும்போது மூக்கை உயர்த்துவோம், முதுகு கதிரையில் அழுந்தும். பிறகு உங்களுக்குத் தெரியாத அளவு மெதுவாகப் பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். கினிகத்தேனை இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தால் இந்த வித்தை எப்படி வேலை செய்கிறது என்று உடனே பிடிபடும்.

இதைத் தொடங்கிவைத்தவர் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர். அவருடைய அப்பாவுக்கு நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. மார்கழி பஜனைக்கு நாம் தூக்கிப்போகும் ஆர்மோனியத்தில் துருத்தி இருக்குமே, அது மாதிரி ஓர்கன் துருத்திகளையும் பம்புகளையும் வைத்து 1929இல் முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். விமானிகள் யாரும் சீந்தவில்லை. களியாட்டப் பூங்காக்களில்தான் முதலில் விற்றது. 1934இல் அமெரிக்க இராணுவம் விமானத் தபால் வேலையை எடுத்துக்கொண்டது. மோசமான காலநிலையில் பறக்கப் பழக்கமில்லாத விமானிகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். லிங்க் மூடுபனிக்குள் தானே பறந்துவந்து இராணுவ அதிகாரிகள் முன் இறங்கிக் காட்டினார். அதன் பிறகுதான் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள்.

ஏன் திரும்பத் திரும்ப?

பதில் சுலபம். நிஜ விமானத்தில் எஞ்சின் நிற்பது அபூர்வம். ஒரு விமானி தன் வேலைக்காலம் முழுதும் அதைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். ஆனால் அது நடக்கும் அந்த ஒரு நாளில் யோசிக்க நேரம் கிடையாது. மாமாவுக்கு நான் சொன்ன உதாரணம் வி-வன் என்ற வேகம்.

ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்து ஓடுகிறது. வி-வன்னுக்கு முன்னால் எஞ்சின் நின்றால் பிரேக் பிடித்து நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் ஓடுபாதை நிறுத்தப் போதாது. ஒரு எஞ்சினோடு மேலே ஏறியே ஆக வேண்டும். "முன்னால போற லொறிய முந்தப் போயிட்டீங்க, பாதிக்கு மேல வந்தாச்சு, எதிர்ல வளைவு. இப்ப பிரேக் பிடிச்சாத்தான் ஆபத்து, முந்தியே ஆகணும். அந்த 'பாதி' எங்கன்னு கணக்குப் போட்டு முன்கூட்டியே எழுதி வச்சிருப்பாங்க மாமா." மாமா தலையாட்டினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வி-வன் தாண்டிய கணத்தில் எஞ்சினை நிறுத்துவது எல்லா விமானிகளுக்கும் பழக்கமான பாடம். மூக்கு ஒருபக்கம் இழுக்கும். வாலில் இருக்கும் திருப்புபலகையான ரடரைக் காலால் மிதித்து நேராக்க வேண்டும். நிதானமாகத் தூக்க வேண்டும். மேலே ஏறுகிறது என்று உறுதியான பின்தான் சக்கரத்தை உள்ளே எடுக்க வேண்டும். ஏர்பஸ் நிறுவனத்து விமானங்களில் நானூறு அடி உயரம் வரும்வரை பழுதைச் சரிசெய்யும் வேலை எதையும் தொடங்கக்கூடாது. கையும் காலும் தானாகச் செய்யும் வரை செய்ய வேண்டும். இதை நிஜ விமானத்தில் பழகப் போய் அந்தக் காலத்தில் விழுந்த விமானங்கள் உண்டு.

பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வரும். ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் பெட்டிக்குள். முன்னால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் விளக்கம், முடிந்ததும் திரும்ப உட்கார்ந்து அலசல். ஒரு பகுதி பரீட்சை, இன்னொரு பகுதி பயிற்சி. பெட்டி விலை பல மில்லியன் டொலர், சும்மா நிற்க விடமாட்டார்கள். நாளைக்கு இருபது மணி நேரம் ஓடும். மிச்ச நாலு மணி நேரம்தான் எங்களுக்கு, சுத்தம் செய்ய, பழுது பார்க்க. அதனால் சிலருக்கு நேரம் விழுவது இரவு பதினொரு மணிக்கு. விடிய மூன்று மணிக்கு இரண்டாவது முறையாக எஞ்சின் தீப்பிடிக்கும்போது மனிதன் எவ்வளவு கூர்மையாக இருப்பான் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குறையை விமானிகள் சொன்னால் நான் எப்போதும் அவர்கள் பக்கம்தான். அதே இரவு வேலை எனக்கும் உண்டு.

பெட்டியைக் குறை சொல்வதும் வழக்கம். "தரையிறங்கும்போது நிஜ விமானம் மாதிரி இல்லை" என்று டெக் லொக்கில், அதாவது பழுது எழுதும் புத்தகத்தில், எழுதிவிட்டுப் போவார்கள். சில நேரம் உண்மை; தரைக்கு மேலே கடைசி முப்பது அடியில் விமானம் மிதக்கும் அந்த உணர்வை எந்தப் பெட்டியும் அப்படியே தருவதில்லை. சில நேரம் இறக்கம் சரியாக வராத ஆள் எழுதுவது. எங்களுக்கு வித்தியாசம் தெரியும், சொல்லமாட்டோம். பெட்டிக்கும் பரீட்சை உண்டு, தெரியுமா? நிஜ விமானத்தில் அளந்த எண்களோடு பெட்டியின் எண்கள் பொருந்துகிறதா என்று நூற்றுக்கணக்கான சோதனைகளை வருஷம் முழுக்கப் பிரித்துப் பிரித்து ஓட்டிக் காட்டினால்தான் அதற்கும் அனுமதி தொடரும்.

கணக்கப்பிள்ளை

இனி விஷயத்துக்கு வருகிறேன். விமானிகள் பெட்டியைவிட அதிகமாகப் புலம்புவது பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றித்தான்.

பயிற்றுநர் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் தொடுதிரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பார். மழை, காற்று, பனி, எஞ்சின் தீ, கதவு கோளாறு எல்லாம் அவர் விரல் நுனியில். ஒரு பட்டனைத் தொட்டால் முழு உலகமும் அந்தரத்தில் உறைந்து நிற்கும். கடவுள் மாதிரி ஒரு வேலை. சிலருக்கு அது தலைக்கு ஏறிவிடும்.

அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருக்கிறேன். கூடையை முள்ளில் மாட்டி நிறுப்பார்கள். ஈரத்துக்கு ஒரு கிலோ, கூடைக்கு ஒரு கிலோ, முற்றல் இலைக்கு இன்னொன்று என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டே போவார். சொன்ன கிலோ வரவில்லை என்றால் அன்றைக்கு அரைப் பேர். நாள் முழுக்க அட்டைக்கடியில் மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம். முற்றல் இலையைக் கழிப்பது தப்பில்லை. அது போனால் தேயிலை கெடும். ஆனால் சில கணக்கப்பிள்ளைகளுக்குக் கழிப்பதே வேலை. இலையைப் பார்க்கமாட்டார்கள், முள்ளைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நாள் இரவு நடந்தது. ஒரு துணை விமானி, முன்பு போயிங் ஓட்டியவர், புதிதாக ஏர்பஸ்ஸுக்கு மாறியிருந்தார். வி-வன் தாண்டியதும் எஞ்சின் நின்றது. அழகாகப் பிடித்தார், விமானம் ஓடுபாதை நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை. மேலே ஏறியதும் "பொசிட்டிவ் ரேட்" என்றார். அது போயிங் பழக்கத்துச் சொல். ஏர்பஸ்ஸில் "பொசிட்டிவ் கிளைம்ப்" என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், விமானம் ஏறுகிறது, சக்கரத்தை எடுக்கலாம்.

பயிற்றுநர் உலகத்தை உறைய வைத்தார். கால் மணி நேரம் அந்தச் சொல்லைப் பற்றி வகுப்பு நடந்தது. ஏதோ ஒரு திரை பழுதென்று என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள், அதனால் கேட்டேன். திரும்பச் செய்யச் சொன்னார்; இந்த முறை அந்தப் பையன் சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் ரடரை மிதிக்கப் பிந்தினார், விமானம் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு போனது. சொல் மட்டும் சரியாக வந்தது. "இப்போது சரி" என்றார் பயிற்றுநர். ஹைட்ரோலிக் பழுதுக்கான பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அது பாதியில் நின்றது.

இப்படிப்பட்டவர்களிடம் இன்னும் பல வித்தைகள் உண்டு. இறக்கையில் மின்னேற்றத்தை வெளியேற்றும் குச்சிகள் எத்தனை என்று கேட்பார்கள். பறக்கும்போது அதை எண்ண யாராலும் முடியாது. மனதில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதே சொல் வரும்வரை "வேறு?", "வேறு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பழுதுக்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டு, ஆள் திணறியதும் "பார்த்தீர்களா?" என்பார்கள். எல்லாவற்றையும் விட எரிச்சல் தருவது, போன முறை ஒருவர் தப்பு என்று எழுதியதை இந்த முறை இன்னொருவர் சரி என்பது.

விளைவு என்ன? கோப்பி மெஷின் பக்கத்தில் விமானிகள் கேட்டுக்கொள்வது "இன்றைக்கு என்ன பயிற்சி?" என்று இல்லை. "இன்றைக்கு யார்?" என்றுதான். இன்னார் வந்தால் இந்தச் சொல்லைச் சொல், இன்னாருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும் என்று கொப்பியில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. விமானத்தைப் படிக்க வந்தவர்கள் வாத்தியாரைப் படித்துவிட்டுப் போகிறார்கள். என் கண்ணில் பெரிய நட்டம் இதுதான்.

மாமா இந்த இடத்தில் குறுக்கிட்டார். "சொல்லு முக்கியம் இல்லேங்கிறியா? கண்டக்டர் மணியை ஒருதரம் அடிச்சா நிக்கணும், ரெண்டுதரம் அடிச்சா போகணும். புதுசா வந்தவன் அவன் இஷ்டத்துக்கு அடிச்சான்னா மிதிபலகைல நிக்கிறவ கதி?"

மாமா பிடித்தது சரியான இடம். 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு. மூடுபனி. கே.எல்.எம். நிறுவனத்து ஜம்போவும் பான் ஆம் நிறுவனத்து ஜம்போவும் ஒரே ஓடுபாதையில். புறப்பட அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியது. அதன் துணை விமானி வானொலியில் சொன்னதைப் புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் எடுக்கலாம், புறப்பட்டுவிட்டோம் என்றும் எடுக்கலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் முதலாவதாகவே எடுத்தார். இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு "டேக்-ஓஃப்" என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே கோபுரம் உச்சரிக்கும். மற்ற நேரமெல்லாம் வேறு சொல். கே.எல்.எம். விமானத்தை ஓட்டிய கப்டன் சாதாரண ஆளில்லை. அந்த நிறுவனத்தில் ஜம்போ விமானிகளுக்கே பாடம் எடுத்த தலைமைப் பயிற்றுநர். சிமுலேட்டரில் புறப்பட அனுமதி கொடுப்பதும் பயிற்றுநரேதான், அங்கே அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விமான நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான விமானிகள். இன்றைக்குப் பக்கத்தில் உட்காருபவரை அதற்கு முன் பார்த்தே இருக்கமாட்டீர்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் பத்து நிமிடத்தில் ஒரு குழுவாக வேண்டும் என்றால், இருவரும் ஒரே சொல்லை அதற்குரிய நேரத்தில் சொல்ல வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எங்கே வருகிறது என்றால், எந்தத் தப்பு யாரைக் குழப்பும் என்ற கேள்வியில். "பொசிட்டிவ் ரேட்" என்று கேட்ட கப்டன் குழம்பவில்லை. சக்கரம் உள்ளே போனது. அதை முடிந்த பிறகு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். டெனெரிஃப் சொல் அப்படி இல்லை. முற்றல் இலை வேறு, ஈர இலை வேறு.

அடம் பிடிக்க வேண்டிய இடமும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம், எங்கள் மலையே போதும்.

1974 டிசம்பர் 4 இரவு. மாமாவுக்கு அப்போது பதினொரு வயது. இந்தோனேசியாவின் சுரபயாவில் இருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் சப்த கன்னி மலையில், நம் ஆட்கள் ஏழு கன்னியர் மலை என்பார்களே, அதில் மோதியது. 182 பயணிகள், 9 ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தப்பாகக் கணித்துவிட்டார்கள். கட்டுநாயக்க விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து இறங்கினார்கள். இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, நடுவில் மலை. அதற்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் இதே போல் நல்ல நிலையில் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். தரை நெருங்குகிறது என்று கத்தும் எச்சரிக்கைக் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாக்க அமெரிக்கா முடிவெடுத்தது அந்த மாதத்தில்தான்.

இன்றைக்குச் சிமுலேட்டரில் அந்தக் குரல் "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" என்று கத்தினால் விவாதம் கிடையாது. ஓட்டோபைலட்டை விலக்கு, மூக்கைத் தூக்கு, முழு எஞ்சின் சக்தி, இறக்கையை மட்டமாக்கு, காற்றுத்தடுப்புப் பலகை உள்ளே போயிருக்கிறதா பார், மலை தாண்டும்வரை சக்கரத்தையும் இறக்கையில் நீளும் ஃபிளாப் பலகைகளையும் தொடாதே. இங்கே ஒரு வினாடி தயங்கினால் உலகத்தை உறைய வைத்து, பத்து முறை செய்யச் சொல்லும் பயிற்றுநரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வராது. அவர் சிடுசிடுத்தாலும் பரவாயில்லை. மாமாவும் அப்படித்தான் சொன்னார். அந்த மலைப் பக்கம் நினைவுச் சின்னத்தைக் கடந்து போகும்போது அவர் எப்போதும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பயிற்சியே ஆளைக் கெடுத்த கதையும் உண்டு. 2001 நவம்பர் 12, நியூயோர்க்கில் இருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300. முன்னால் போன ஜம்போ கிளப்பிய காற்றுச் சுழலில் சிக்கியது. அப்படியொன்றும் ஆபத்தான சுழல் இல்லை. துணை விமானி ரடரை இடமும் வலமும் மாறி மாறிப் பலமாக மிதித்தார். வால் செட்டை முறிந்து போனது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். ரடரின் கூர்மையான வடிவமைப்போடு, நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் இருந்த சில அம்சங்களும் காரணத்தில் பங்கு வகித்தன என்று விசாரணை சொன்னது. சிமுலேட்டரில் சுழலை உண்மையைவிடப் பெரிய பூதமாகக் காட்டி, பலமாக எதிர்க்கப் பழக்கியிருந்தார்கள். பெட்டியில் பழகியது கைக்கு வந்துவிடும், நல்லதும் கெட்டதும்.

நல்ல பயிற்றுநர் எப்படி இருப்பார்? எனக்கு உடனே ஞாபகம் வருவது டென்னிஸ் ஃபிட்ச். 1989 ஜூலை 19, யுனைட்டெட் 232. டிசி-10 விமானத்தின் பின் எஞ்சின் வெடித்து, திருப்பும் சக்தி தரும் ஹைட்ரோலிக் மூன்றும் போய்விட்டது. கப்டன் அல் ஹெய்ன்ஸ். பயணிகள் கதிரையில் ஒரு பயிற்றுநர் இருக்கிறார் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டார். 1985இல் ஜப்பானில் இதே மாதிரி விழுந்த விமானத்தைப் பற்றி ஃபிட்ச் படித்து, யாரும் சொல்லாமலே சிமுலேட்டரில் எஞ்சின் லீவரை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தார். மண்டியிட்டு உட்கார்ந்து லீவரைப் பிடித்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பெட்டியை "இப்படி ஆனால் என்ன?" என்று கேட்டுப் பார்க்கும் இடமாக வைத்திருந்த மனிதர்.

பயிற்றுநர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் கோப்பில் இருக்கும். அவர் பாஸ் போட்ட ஆள் நாளை எதிலாவது மாட்டிக்கொண்டால் முதலில் எடுக்கப்படுவது அந்தக் கோப்பு. அதனால் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதிவைப்பது அவருக்குக் காப்புறுதி. விமானி யோசித்த விதத்தை மதிப்பிடுவது கடினம்; சொல்லை எண்ணுவது சுலபம். இதை மாற்றத்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் ஒரு கையேடு வெளியிட்டது. பட்டியலில் டிக் போடுவதை விட்டு, நிலைமையைப் புரிந்துகொள்வது, முடிவெடுப்பது, சேர்ந்து வேலை செய்வது போன்ற திறன்களைப் பாருங்கள், முடிந்த பிறகு நீங்கள் பேசாமல் விமானிகளைப் பேச விடுங்கள் என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கணக்கப்பிள்ளை ரகத்து ஆட்கள் புதுப் படிவத்தையும் பழைய முள்ளு மாதிரியே பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து லயத்தில் உயர்தரம் எழுதிவிட்டு விமானி ஆக வேண்டும் என்று நிற்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது, இப்படி ஒரு ஆள் வந்து வாய்த்தால் என்ன செய்வது என்று. அனுபவசாலிகள் செய்வதைத்தான் சொன்னேன். பெட்டிக்குள் வாதாடாதே, உறைந்து நிற்கும் நேரமும் உன் நேரம்தான். முடிந்த பிறகு, "சேர், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, நானும் பார்த்துக்கொள்கிறேன்" என்று மரியாதையாகக் கேள். புத்தகத்தில் இருந்தால் உனக்கு லாபம். இல்லையென்றால் அவருக்கே தெரிந்துவிடும். அவர் சொன்னதில் பாதி எரிச்சலாக இருந்தாலும் மறுபாதியை எழுதிவை.

லீவு முடிந்து கிளம்பும் நாள் மாமாதான் தன் பழைய வேனில் ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். பனி இறங்கிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார், எதிரே வண்டி இருக்கிறதோ இல்லையோ. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் பேக்கை இறக்கும்போது கேட்டார்:

"அந்தப் பொசிட்டிவ் பையன் என்ன ஆனான்?"

"பாஸ்தான் மாமா. ஆனா கோப்புல நாலு வரி எழுதி வச்சுட்டாங்க."

"அப்ப அரைப் பேருதான்" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார்.